ஊர் திரும்பியோர்: நம் கடலின் இரு கரைக் கதை

யூபிலி என்றதும் நம் கண்முன் நிற்பது கொடியேற்றமும் தேர்ப்பவனியும் கூட்டுத் திருப்பலியுமே. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் வேறொன்றும் தெரியவரும். நிலத்தை இழந்துபோனவன் ஐம்பதாம் ஆண்டில் தன் காணிக்கும் தன் குடும்பத்தாரிடமும் திரும்ப வேண்டும் என்பதே யூபிலியின் முதற்பொருள். ஆகவே அக்கரையில் நடந்த ஒரு திரும்புதலின் வரலாற்றை இம்மலரில் எழுதுவது பொருந்துமெனக் கருதினோம்.

அக்கரை என்று சொல்கிறோமே தவிர, ஆறுமுகநேரி உப்பளக்காட்டில் நிற்கும் நமக்கு மன்னார் அயலூர்தான். முத்துக்குளித்தல் இரு கரையையும் பிணைத்திருந்தது. 1542இல் இங்கு வந்த புனித சவேரியாரின் காலத்திலேயே மன்னாரில் மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1544இல் யாழ்ப்பாண மன்னனால் வேதசாட்சிகளாகவும் மடிந்தனர். பின்னர் டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, மாந்தை மக்கள் அன்னையின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் அடைக்கலம் புகுந்தனர் என்பது வழிவழிச் செய்தி. மடு மாதாவே அகதியாக வந்தவள் என்று அங்குள்ளோர் சொல்வதில் பொருள் உண்டு.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் அந்த மாதாவின் வளாகத்தையே நாடி ஓடினர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் அங்கே நிவாரண நிலையம் நடத்தியது. ஆயினும் 1999 நவம்பர் 20ஆம் நாள் எறிகணை விழுந்து, ஆலயத்தில் தஞ்சமிருந்தோரில் முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்ரலில் சுரூபமே மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஆகஸ்டில் மடு திரும்பியது.

1983 ஜூலைக் கலவரம் முதல் நான்கு அலைகளாக ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தமிழ்நாட்டுக் கரையேறினர். நம் மாவட்டத்தில் தாப்பாத்தி, குளத்துவாய்பட்டி, தாளமுத்துநகர் முகாம்களை நாமெல்லாரும் அறிவோம். 1987 ஒப்பந்தத்தை நம்பி ஒரு தொகுதியினர் திரும்பினர். போர் மீளவே பலர் மறுபடி ஓடிவந்தனர். 1992இல் மீண்டும் கப்பலேற்றியபோது, விருப்பமில்லாதவரையும் அனுப்புகிறார்கள் என்ற கண்டனம் எழுந்தது. அதன்பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், ஐ.நா. ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, "விரும்பித்தான் போகிறீர்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கலாயிற்று. அந்த ஒரு கேள்வியைக் கேட்க வெளியிலிருந்து ஒருவர் வந்தது சாதாரண உதவியன்று.

2009 மே மாதம் போர் முடிந்தது. திரும்பியோர் முதலில் விமானத்தில்தான் சென்றனர். சட்டிபானையை விமானத்தில் ஏற்றுவதெங்கே? 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் என்னும் கப்பல் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஐ.நா. ஆணையத்தின் உதவியோடு 37 பேர் அதிலேறி நம் துறையிலிருந்து புறப்பட்டனர். தலைக்கு 250 கிலோ வரை சாமான் கொண்டுபோகலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நவம்பரோடு அக்கப்பல் நின்றுபோனது நம் துறைக்கும் இழப்பு, அவர்களுக்கும் இழப்பு.

அங்கே காத்திருந்ததோ கூரையற்ற சுவர்களும் கண்ணிவெடி விதைத்த வயல்களும். ஹலோ டிரஸ்ட் முதலிய அமைப்புகள் அங்குலம் அங்குலமாக வெடிகளை அகற்றின. கூரைபோட ஐ.நா. ஆணையம் குடும்பத்துக்கு 25,000 இலங்கை ரூபாய் அளித்தது. இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு உதவ ஒப்பியது. இவற்றில் பெரும்பாலான வீடுகளைக் கட்டியது ஒப்பந்தக்காரர் அல்லர். குடும்பத்தாரின் வங்கிக் கணக்கில் 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாகச் சேர, அவர்களே கொத்தனாரை அமர்த்திக் கட்டினர். தன் வீட்டுக்குத் தானே வாசக்கால் வைத்தவன் அதைத் தர்மமென்று எண்ணமாட்டான். இம்முறையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். இந்தியக் கடனுதவியால் தலைமன்னார் வரை ரயிலும் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடியது.

ஆனால் பணம் கொடுத்த நாடுகளால் நிலத்தை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. மெனிக் பண்ணை முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்கன்றி வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டனர். ஊரில் இராணுவம் இருந்தது. 2017இல் பெண்கள் முன்னின்று முகாம் வாசலில் இரவு பகலாக அமர்ந்து போராடிய பின்னரே நிலத்தில் ஒரு பகுதி கைக்கு வந்தது.

இக்கரையில் எஞ்சியோர் முகாம்களிலேயே இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேல். 2021இல் அவை மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாறி, புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. 1984இல் திரு. எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பிறப்புச் சான்று, குடியுரிமைத் தாள்களுக்காக அலைந்து உதவியிருக்கிறது. இயேசு சபையாரின் அகதிகள் பணி மாலை வகுப்புகள் நடத்தியது. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இலங்கை, தாத்தா சொன்ன ஊர். அவனைத் திரும்பிப் போ என்பதா, இங்கேயே இரு என்பதா என்ற கேள்விக்கு இரு அரசுகளும் முழுவிடை தரவில்லை.

2025 மே மாதம், ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் பலாலி விமான நிலையத்தில் இறங்கிய முதியவர் ஒருவர், அக்காலத்தில் உரிய தாளின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார். பின்னர் அவரை விடுவித்தனர். ஆயினும் ஆணையம் தன் உதவியோடு ஆட்களை அனுப்புவதை அப்போது நிறுத்திவைத்தது; பெயர் கொடுத்துக் காத்திருந்தோர் மூட்டையை அவிழ்த்துவைத்தனர்.