நீலத்துணியும் இரு இல்லங்களும்

கண்டமங்கலத்தை அடுத்த புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி, 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலை அடைந்தது. பிரெஞ்சு வணிகர் அதனைக் ‘கினே’ என்றழைத்தனர். செனகல் ஆற்றங்கரை மக்களுக்கு அது உடை மட்டுமன்று, பணமுமாகும். அதனைக் கொடுத்து வேலமரப் பிசினும், அன்றாட உணவாகிய கம்பும் பெற்றனர். மணப்பெண்ணுக்குப் பரிசமாகவும் அளித்தனர். நம் நெசவாளர் ஒருபோதும் காணாத இல்லங்களில் அவர்தம் உழைப்பு மணவிழாக் கண்டது.

ஆயினும், அடிமைகளை விலைக்கு வாங்கவும் இந்தியத் துணிகள் கைமாறின. பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை இறுதியாக ஒழித்தது 1848-இல்தான். ஓர் இல்லத்தை இணைத்த துணி மற்றோர் இல்லத்தைப் பிரித்தது. நம் கைகள் செய்த பொருள் எவர் கையில் என்னவாகிறது என்று வினவுவதும் உழைப்பின் அறமன்றோ!