எட்டுப் படி ஒரு மரக்கால்: ராத்திரி பேக்கப் படுத்துக்கிட்ட கதை

பொட்டி தட்டுற மக்களுக்கு முதல்ல ஒரு புதிர். சர்வரோட பேக்கப் டிஸ்க் ரொம்பிப் போச்சுன்னு பெரிசா ஒண்ணு புதுசா வாங்கறாங்க. யூஎஸ்பியில சொருகினதும் தெரியுது. ஒரு சினிமாவைக் காப்பி பண்ணிப் பார்த்தா ஜோரா போகுது, திரும்ப வருது, ஓடவும் செய்யுது. ஆனா ராத்திரி பேக்கப் மட்டும் ஆரம்பிச்ச சூட்டோட படுத்துக்குது. காரணம் கேட்டா 'ஐ.ஓ. டிவைஸ் எரர்'னு ஒத்தை வரி. கேபிளை மாத்தினாலும் அதே. அதே மாடல்ல வேற டிஸ்க் வாங்கினாலும் அதே. யார் மேல தப்பு?

2010, 2011-ல விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 வெச்சிருந்தவங்க பல பேர் முட்டிக்கிட்ட சுவர் இது. டிஸ்க் நல்ல டிஸ்க்தான். பேக்கப் மென்பொருளும் அது எழுதின காலத்துக்குச் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. பிரச்சினை பண்ணது ஒரு எண்: 512. அது எங்கேருந்து வந்துச்சு, எப்படி சட்டம் மாதிரி ஆச்சு, ஏன் உடைஞ்சுதுங்கறதுதான் இந்தப் பதிவு. பொறுமையா படிங்க, கடைசியில பிரயோஜனமும் உண்டு :)

படி வந்த கதை

டிஸ்க்குல எதையும் பைட் பைட்டா எழுத முடியாது. அரிசிக் கடையில மணி மணியா எண்ணிக் கொடுக்கறதில்லையே, படியால அளந்துதானே கொடுக்கறாங்க? அந்தப் படிக்குப் பேர்தான் செக்டர்.

ஆரம்பத்துல ஆளுக்கொரு படி வெச்சிருந்தாங்க. 1956-ல ஐபிஎம் வெளியிட்ட ராமாக், அதாவது உலகத்தோட முதல் வணிக டிஸ்க் டிரைவ், 50 தட்டுகளோட ஒரு பீரோ சைஸுக்கு இருந்தது. அதுல ஒரு செக்டர்ங்கறது 100 எழுத்து. மொத்தமே 50 லட்சம் எழுத்துதான். 1964-ல வந்த சிஸ்டம்/360-ல இன்னும் விசேஷம், ஒவ்வொரு பதிவையும் வேற வேற நீளத்துல எழுதிக்கலாம். 1970-களோட 8 அங்குல ஃப்ளாப்பியில 128 பைட். டெக் கம்பெனியோட பிடிபி-11 கணினிக்கான ஆர்கே05 டிஸ்க்குல 512 பைட். அந்தக் கணினியில வளர்ந்த யுனிக்ஸும் அதே 512-ஐ வெச்சுக்கிச்சு.

1981-ல ஐபிஎம் பிசி வந்தப்போ அதோட ஃப்ளாப்பியும் 512-ஐத்தான் எடுத்துக்கிச்சு. ஒரு பக்கம், 40 டிராக், டிராக்குக்கு 8 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கிப் பாருங்க, 160 கேபி வரும். 1983-ல பிசி/எக்ஸ்டியோட 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கும் அதே படி. பிசி எந்த வேகத்துல பரவுச்சோ அந்த வேகத்துல 512-ம் பரவுச்சு. பயாஸ், டாஸ், பார்ட்டிஷன் டேபிள், டிரைவர், பேக்கப் மென்பொருள்னு எல்லாத்துக்குள்ளயும் போய் உக்காந்துக்கிச்சு. நிறைய நிரல்கள் 'உன் செக்டர் எவ்ளோ?'ன்னு டிஸ்க்கைக் கேக்கறதே இல்லை. 512 இல்லாம வேற என்னவா இருக்கப் போகுதுன்னு ஒரு நம்பிக்கை. 25 வருஷத்துக்கு மேல அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை.

மரக்கால் ஏன் வந்தது?

ஒவ்வொரு செக்டருக்கும் தரவு போக மேல்செலவு உண்டு. அடுத்த செக்டருக்கு முன்னாடி விடற இடைவெளி, ஆரம்பத்தைக் காட்டற குறி எல்லாம் சேர்த்து சுமார் 15 பைட். எழுதினது சிதைஞ்சா சரி பண்ணிக்கிற ஈசிசி சுமார் 50 பைட். அதாவது 512-க்கு 65 பைட் தண்டல். எட்டு செக்டருக்கு 520 ஆச்சு. அதே எட்டையும் ஒண்ணாச் சேர்த்து 4096 பைட் செக்டரா வெச்சா ஈசிசி 100 பைட், மத்தது 15, மொத்தமே 115-ல முடிஞ்சுது. தட்டுல தரவுக்குக் கிடைக்கிற இடம் சுமார் 89 சதவீதத்துலேருந்து 97 சதவீதமாகுது. நீளமான ஈசிசி பெரிய கீறலையும் தாங்கும்.

எட்டுப் படி ஒரு மரக்கால்னு நம்ம ஊர்ல பழைய கணக்கு உண்டில்லையா? எட்டு 512 சேர்ந்தா 4096. அச்சு அசலா அதேதான்!

டிஸ்க் தயாரிப்பாளர்கள் கூடிப் பேசி இதுக்கு 'அட்வான்ஸ்டு ஃபார்மேட்'னு பேர் வெச்சாங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2009 கடைசியில முதல்ல கடைக்குக் கொண்டு வந்தது. 2011 தொடக்கத்துலேருந்து புது மாடல்கள் எல்லாம் மரக்கால்தான்னு முடிவாச்சு.

முதல் பொய்

உலகம் பூரா படியில கணக்கு எழுதிட்டிருக்கு. திடீர்னு மரக்கால்தான்னு சொன்னா எந்தக் கணினியும் பூட் ஆகாது. அதனால ஒரு தந்திரம் பண்ணாங்க. டிஸ்க்குக்கு உள்ளே மரக்கால், வெளியே கேட்டா 'என்கிட்ட படிதான் இருக்கு'. இந்த ரகத்துக்கு 512இ-ன்னு பேர். கணினி ஒரு படி எழுதச் சொன்னா டிஸ்க் மரக்கால் முழுசையும் படிச்சு, அதுல ஒரு படியை மாத்தி, திரும்ப முழுசா எழுதும். இதுக்கு நடுவுல தட்டு ஒரு சுத்து சுத்தி வரணும். 5400 சுத்து டிஸ்க்குல அது 11 மில்லி செகண்ட். எக்ஸ்பி வேற பார்ட்டிஷனை 63-வது செக்டர்ல ஆரம்பிக்கும். 63 எட்டால வகுபடாது. அதனால மரக்கால் விளிம்பும் விண்டோஸோட கணக்கும் ஒத்தே போகாது, டிஸ்க் ஆமை மாதிரி நகரும். விஸ்டாவிலேருந்து 2048-வது செக்டர்ல ஆரம்பிச்சதால இந்தத் தொல்லை தீர்ந்துச்சு.

மெதுவா ஓடினாலும் ஓடிச்சு. படுத்துக்கலை. படுக்க வெச்சது அடுத்த பொய்.

ரெண்டாவது பொய்

பழைய பார்ட்டிஷன் டேபிள்ல செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டர்னா 2,19,902 கோடி பைட், அதாவது 2 டிபி. அதுக்கு மேல எண்ணவே முடியாது. 2010-ல சீகேட் முதல் 3 டிபி வெளி டிஸ்க்கை இறக்குச்சு. அப்போ ஊர்ல பாதிப் பேர்கிட்ட இன்னும் எக்ஸ்பிதான். மூணு டிபி டிஸ்க்கை வாங்கிட்டுப் போய் ரெண்டு டிபி மட்டும் தெரிஞ்சா விடுவாங்களா?

அதுக்கு இந்த மாதிரி யூஎஸ்பி டப்பாக்கள் பலதுல ஒரு வித்தை வெச்சாங்க. டப்பாவுக்குள்ள இருக்கற டிஸ்க் 'நான் படி'ங்குது. டப்பாவோட சர்க்யூட் எட்டு எட்டாச் சேர்த்து கணினிகிட்ட 'நான் மரக்கால்'ங்குது. செக்டர் 4096 ஆனதும் அதே 32 பிட்ல 16 டிபி வரைக்கும் எண்ணலாம். எக்ஸ்பிக்கு ஏக குஷி.

கூத்து என்னன்னா, உள்ளே நிஜமாவே மரக்கால், டிஸ்க் அதைப் படின்னு சொல்லுது, டப்பா அதைத் திரும்ப மரக்கால்னு சொல்லுது. டப்பா பழுதாகி, உள்ளே இருக்கற டிஸ்க்கைக் கழட்டி நேரா சாட்டாவுல மாட்டினவங்களுக்கு டிஸ்க் காலியாத் தெரிஞ்சுது. தரவு பத்திரமா இருக்கு, அளவுதான் மாறிடுச்சு. திஸ்கியில எழுதின பழைய பதிவை யுனிகோடுன்னு நினைச்சுத் திறந்த அனுபவம் உள்ளவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

பேக்கப் மட்டும் ஏன் படுத்துச்சு?

இப்போ புதிருக்கு வருவோம். சினிமாவைக் காப்பி பண்றப்போ வேலை செய்யறது என்டிஎஃப்எஸ். அது டிஸ்க்கைக் கேட்டுட்டு, அது சொல்ற அளவுல எழுதும். எந்தப் படியானாலும் அதுக்குக் கவலையில்லை.

சர்வர் 2008-ல வந்த விண்டோஸ் சர்வர் பேக்கப் அப்படி இல்லை. அது விஎச்டின்னு ஒரு கோப்பை உண்டாக்கி, அதையே ஒரு டிஸ்க் மாதிரி மாட்டி, அதுக்குள்ள தரவைக் கொட்டும். இந்த விஎச்டி கனெக்டிக்ஸ்ங்கற கம்பெனியோட கண்டுபிடிப்பு. 2003-ல மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிச்சு. அதோட வடிவமைப்பு முழுக்க 512 கணக்கு. கோப்போட கடைசியில வர்ற அடிக்குறிப்பு 512 பைட். எந்தெந்த இடம் ரொம்பியிருக்குன்னு சொல்ற வரைபடமும் 512 பைட்டுக்கு ஒரு பிட். இப்படி ஒரு கோப்பை 4096-க்குக் குறைஞ்சு வாங்க மாட்டேங்கற டிஸ்க்குல நேரடியா எழுதப் போனா? மரக்கால் மட்டுமே உள்ள கடையில ஒரு படி கேட்ட மாதிரிதான். டிஸ்க் கையை விரிக்கும், பேக்கப் படுத்துக்கும்.

சினிமா ஓடுதே, டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னு ஊர் நம்பிடும். அதுக்குள்ள பழைய பேக்கப் டிஸ்க்கை வேற வேலைக்கு எடுத்துட்டாங்கன்னா, அன்னிக்கு அந்த சர்வருக்கு இருக்கறது ஒரே ஒரு பிரதி. அதுவும் அந்த சர்வருக்குள்ளயே!

தீர்வு வந்த விதம்

பெயிண்ட் அடிச்ச மாதிரி ஒரே நாள்ல வரலை, தவணை முறையில வந்துச்சு. 512இ டிஸ்க்குகளைப் புரிஞ்சுக்க 2008 ஆர்2-வுக்கு கேபி 982018-ங்கற ஒட்டுப்போடல் வந்தது. அது சர்வீஸ் பேக் 1-லயும் சேர்ந்துச்சு. ஆனா 4096-ன்னு வெளிப்படையாச் சொல்ற டிஸ்க்குக்கு அது போதாது. அங்கே டப்பாவையே மாத்திப் பேச வைக்கணும். வெஸ்டர்ன் டிஜிட்டல் இதுக்குன்னே குயிக் ஃபார்மேட்டர்னு ஒரு சின்ன மென்பொருள் கொடுத்தது. எக்ஸ்பிக்கான அமைப்பை விட்டுட்டு மத்ததைத் தேர்ந்தெடுத்தா டப்பா 512-ன்னு பேசும். உள்ளே இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும்ங்கறதால தரவை முதல்லயே வேற இடத்துக்கு மாத்திக்கணும். அப்புறம் ஜிபிடி பார்ட்டிஷன் போட்டா 3 டிபியும் தெரியும், பேக்கப்பும் ஓடும். முழுத் தீர்வு சர்வர் 2012-ல வந்தது. அது 4096-ஐ நேரடியா ஏத்துக்கிச்சு, விஎச்டி போய் 64 டிபி வரை தாங்கற விஎச்டிஎக்ஸ் வந்தது.

கதை அதோட முடிஞ்சுதா? இல்லை. 2021-ல விண்டோஸ் 11 வந்ததும் சில புது என்விஎம்இ டிஸ்க்குகள் இருந்த கணினிகள்ல எஸ்க்யூஎல் சர்வர் கிளம்பவே மாட்டேன்னுது. விண்டோஸ் 10 கண்டுக்காம விட்டிருந்த நிஜ செக்டர் அளவை விண்டோஸ் 11 அப்படியே எடுத்துச் சொல்லிச்சு. சில டிஸ்க்குகள் 8 கேபி, 16 கேபின்னு சொல்ல, 512-ம் 4096-ம் மட்டுமே தெரிஞ்ச எஸ்க்யூஎல் சர்வர் மிரண்டு போச்சு. மைக்ரோசாஃப்ட் சொன்ன வழி, ரெஜிஸ்ட்ரியில ஒரு வரி சேர்த்து விண்டோஸை மறுபடி 4 கேபின்னே சொல்ல வைக்கிறது. ஆக, திரும்ப ஒரு பொய் :)

டிஸ்க் சொல்றது ஒண்ணு, உள்ளே இருக்கறது ஒண்ணுங்கற ஏற்பாட்டுலதான் இத்தனை வருஷமா பழைய மென்பொருள் எல்லாம் பிழைச்சு வந்திருக்கு. அந்த ஏற்பாடு எங்கே நெருடுதுன்னு முதல்ல தெரியறது பேக்கப், டேட்டாபேஸ் மாதிரி செக்டர் வரைக்கும் இறங்கி வேலை பார்க்கறதுகிட்டதான். அதனால டிஸ்க்கை மாத்தின அன்னிக்கு ரெண்டு வேலை பண்ணுங்க. விண்டோஸ்ல எஃப்எஸ்யுடில் கட்டளையைப் போட்டு, செக்டர் அளவு, நிஜ செக்டர் அளவு ரெண்டையும் பாருங்க. அப்புறம் ஒரு பேக்கப் எடுத்து, அதுலேருந்து ஒரு கோப்பையாவது மீட்டு, திறந்து பாருங்க. பழைய டிஸ்க்கை அதுக்கப்புறம் பீரோவுலேருந்து எடுத்தாப் போதும்.

டிஸ்கி: படி, மரக்கால் அளவெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்னு எனக்கும் தெரியும். அந்தச் சண்டைக்கு யாரும் வராதீங்க. டிஸ்க்குல எட்டு எட்டுதான்!