மெழுகு தந்த மகுடம்

ராஜாக்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மகுடங்கள் மட்டும் போகவில்லை. தலையிலிருந்து இறங்கி வாய்க்குள் புகுந்துகொண்டன. சொத்தையைச் சுரண்டி எடுத்து, மிஞ்சிய பல்லைச் சீராக்கி, அதன்மேல் பல் வைத்தியர் கவிழ்க்கிற மூடிக்கு ஆங்கிலத்தில் மகுடம் என்றுதான் பெயர். நாம் அவ்வளவு மரியாதை கொடுப்பதில்லை. "கேப் போட்டுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடிக்கப் போய்விடுகிறோம்.

இந்தச் சிறு மூடியின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்த மகுடத்தின் பெருமை பொன்னில் இல்லை, விளிம்பில் இருக்கிறது.

வாயில் பொன் வைக்கும் ஆசை மிகப் பழையது. ரோமாபுரி பேரரசாகத் தலையெடுக்கும் முன்பே, இத்தாலியில் செழித்திருந்த எட்ரூஸ்கர்கள் பொற்பட்டையால் பற்களைப் பிணைத்துக்கொண்டார்கள். கி.மு. 450-ஐ ஒட்டி ரோமர்கள் வகுத்த பன்னிரண்டு பலகைச் சட்டம், பிணத்தோடு பொன்னைச் சேர்த்து அடக்கம் செய்யக்கூடாது என்றது. பல்லைக் கட்டிய பொன்னுக்கு மட்டும் விலக்கு அளித்தது. செத்தவன் வாயைத் திறந்து பொன்னைப் பிடுங்கவேண்டாம் என்ற இங்கிதம் சட்டம் செய்தவர்களுக்கு இருந்திருக்கிறது!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பொன் தகட்டைத் தட்டி வளைத்துப் பல்லுக்கு மூடி செய்வது பெருகியது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பல் என்ன, செம்புப் பாத்திரமா? அதற்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு, ஈறோரத்தில் ஓர் ஒடுக்கம் உண்டு. தட்டிச் செய்த தகடு அத்தனை நெளிவுக்கும் இணங்குமா? விளிம்பில் மயிரிழை இடைவெளி நின்றுவிடும். நமக்கு மயிரிழை; கிருமிக்கு அது கோட்டை வாசல். உள்ளே பல் அழுகும். மேலே பொன் சிரிக்கும்.

1910-ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் வைத்தியர், கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது இதைத்தான் சாடினார். சீழ் பிடித்த வேர்களின்மேல் பொன்னால் சமாதி கட்டுகிறார்கள் என்ற பொருள்படச் சொன்னார். அந்த விஷம் உடம்பெங்கும் பரவிப் பல நோய்களுக்குக் காரணமாகிறது என்றும் சொன்னார். பீதி பிடித்துக்கொண்டது. பின் வந்த ஆண்டுகளில் நல்ல பற்களைக்கூடக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கி எறிந்தார்கள். எல்லா நோய்க்கும் பல்லே காரணம் என்பது மிகை என்று பிற்பாடு ஆராய்ச்சிகள் காட்டின. பிடுங்கிய பல் திரும்பி வருமா?

இந்தக் கலவரத்துக்கு மூன்று ஆண்டு முன்னால், 1907-இல், பரிகாரத்தின் முதல் படி வந்திருந்தது. சிகாகோ பல் வைத்தியர் டாகார்ட் என்பவர் நியூயார்க்கில் ஒரு வழியை விளக்கினார். பல்லின் பள்ளத்துக்கு இசைவாக மெழுகில் உருச் செய்வது. அதைச் சாந்தில் புதைத்துச் சூடாக்குவது. மெழுகு கழன்றதும் அந்த வெற்றிடத்தில் உருகிய பொன்னை அழுத்திச் செலுத்துவது. முதலில் பல்லின் குழியை அடைக்கவும், பிறகு மகுடம் வார்க்கவும் இது பயன்பட்டது. டாகார்ட் இதற்குத் தனியுரிமை வாங்கிக்கொண்டார். மற்ற வைத்தியர்கள் எதிர்த்தார்கள். ஐயோவா மாநிலத்துப் பில்புரூக் 1897-லேயே இதை எழுதி வெளியிட்டிருந்தது தெரியவந்தது, உரிமை நிலைக்கவில்லை.

நமக்கோ இது கேட்ட கதை. சோழர் காலத்து நடராஜர் பிறந்தது இந்த வழியில்தானே! சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்க்கிறார்கள். அச்சை உடைத்தால்தான் விக்கிரகம் வெளிவரும். ஓர் அச்சுக்கு ஒரே விக்கிரகம். மகுடமும் அப்படியே. ஒரு பல்லுக்கு வார்த்தது இன்னொரு பல்லுக்கு ஆகாது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்தபதி வார்த்த பிறகு உளியால் செதுக்கித் திருத்தலாம். பல்லில் அவ்வளவு சலுகை இல்லை. பொன் கலவை உறையும்போது நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு சுருங்கும். அதே அளவு சாந்து அச்சு சூட்டில் விரிந்து கொடுத்தால்தான் மகுடம் பல்லில் இறங்கும். இந்தக் கணக்கைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன.

என் கடைவாயிலும் ஒரு மகுடம் உண்டு. சூட்டிய அன்று வைத்தியர் அதன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூர்முனைக் கருவியால் ஓரத்தைச் சுற்றி மெல்ல வருடினார். "எங்கும் தட்டவில்லை, சார்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

1985-இல் ஜூரிச் நகரத்தில் கம்ப்யூட்டர் கடைந்த பீங்கான் துண்டை முதன்முதலாக ஒரு பல்லில் பொருத்தினார்கள். இன்று பல மகுடங்களை யந்திரமே கடைந்து தருகிறது. பல் பட்டறைகளில் மெழுகுக்கு வேலை குறைந்து வருகிறது. வரட்டும். பொன்னா, பீங்கானா, மெழுகா, யந்திரமா என்று பல் கேட்பதில்லை. ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அதன் கேள்வி.