நண்பரோடு பேசுவதற்கு என்ன தடை?

1559-ம் வருடம் ஸ்பெயினில் ஒரு பட்டியல் வெளியானது. தடை செய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியல். போட்டவர் ஃபெர்னாண்டோ தெ வால்தேஸ். இன்குவிசிஷன் என்கிற சமய விசாரணை மன்றத்தின் தலைவர். மாந்திரீகம், ஆபாசம் என்று ஏதாவது இருக்கும் என நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பட்டியலில் பக்திப் புத்தகங்களும் நிறைய இருந்தன. எப்படி ஜெபம் செய்வது என்று சொல்லித் தருகிற புத்தகங்கள். ஆனால், லத்தீனில் இல்லை. ஜனங்கள் பேசுகிற ஸ்பானிஷில் இருந்தன. அதுதான் வம்பு.

வாய்விட்டுச் சொல்கிற ஜெபம் என்றால் பிரச்னை இல்லை. என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழும். ஒருத்தி மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, மனசுக்குள்ளேயே கடவுளோடு பேசுகிறாள் என்றால்? என்ன பேசுகிறாள்? யார் சரி பார்ப்பது? ஜெர்மனியில் லூத்தர் கிளப்பிய புயலைப் பார்த்து மிரண்டுபோயிருந்தது ஸ்பெயின். தனியாகக் கூடி ஜெபம் செய்த சில குழுக்களை 1525-லேயே டொலேடோவில் தடை செய்திருந்தார்கள். அந்தக் குழுக்களில் முன்னால் நின்றவர்களில் பெண்களும் உண்டு.

இந்தப் பட்டியலால் புத்தகங்களை இழந்து மனம் நொந்தவர்களில் ஒருவர், அவிலா நகரத்துக் கன்னியர் மடத்தில் இருந்த தெரசா. (நம் கல்கத்தா அன்னை தெரசா இல்லை. இவர் பிறந்தது 1515-ல்.)

தெரசாவுக்கு ஊரைவிட அதிகமாகப் பயப்படக் காரணம் இருந்தது. அவருடைய தாத்தா டொலேடோவில் ஜவுளி வியாபாரி. யூதராக இருந்து கிறிஸ்தவரான குடும்பம். ரகசியமாகப் பழைய மதத்தை அனுசரித்தார் என்று 1485-ல் மாட்டிக்கொண்டார். தண்டனை உடையைப் போட்டுக்கொண்டு, ஏழு வெள்ளிக்கிழமைகள் கோயில் கோயிலாக ஊர்வலம் போகவேண்டும். போனார். அப்புறம் குடும்பம் அவிலாவுக்குக் குடிபெயர்ந்தது, அங்கும் ஜவுளிக் கடைதான். தெரசா இதைத் தன் எழுத்தில் எங்குமே சொல்லவில்லை. 1940-களில் பழைய வழக்குக் கட்டுகளைக் கிளறியபோதுதான் வெளியே வந்தது.

இருபது வயதில் மடத்தில் சேர்ந்தார். சீக்கிரமே படுத்த படுக்கை. 1539-ல் நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தபோது செத்துவிட்டார் என்று குழியே தோண்டிவிட்டார்கள். பிழைத்தார். ஆனால், அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெபத்தை விட்டுவிட்டார்!

ஏன்? மடத்துக்கு வருகிற போகிறவர்களோடு அரட்டை, சிரிப்பு என்று பொழுது போனது. இப்படி இருந்துகொண்டு கடவுள் முன்னால் எந்த முகத்தோடு போய் உட்காருவது என்று கூச்சம். கடன் வாங்கியவர் கடன்காரரைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போவாரே, அந்த மாதிரி. ஒரு வருடத்துக்கும் மேல் இப்படி ஒளிந்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே தன் அப்பாவுக்கு ஜெபம் செய்யச் சொல்லிக்கொடுத்து, அவர் அதில் மூழ்கிப்போயிருந்தார். கற்றுக்கொடுத்த மகள் நிறுத்திவிட்டாள்!

1543-ல் அப்பா இறந்தார். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட வின்சென்ட்டே பாரோன் என்கிற பாதிரியாரிடம் தெரசா விஷயத்தைச் சொன்னார். எந்தக் காரணத்துக்காகவும் ஜெபத்தை விடாதே என்றார் அவர். திரும்ப ஆரம்பித்தார். உடனே பரவசமெல்லாம் வந்துவிடவில்லை. எப்போதடா மணி அடிக்கும், எழுந்து போகலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் பல. இதை எழுதியிருப்பவர் அவரேதான். ஞானிகள் வழக்கமாகச் சொல்கிற விஷயமா இது?

பாதிரியார்கள் கேட்டதன் பேரில், 1560-களில் தன் வாழ்க்கையை ஸ்பானிஷிலேயே எழுதினார். ஜெபம் என்றால் என்ன என்பதற்கு அதில் அவர் தந்த விளக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை. நட்பு. நம்மீது அன்பு வைத்திருக்கிறவர் என்று தெரிந்த ஒருவரோடு அடிக்கடி தனியே இருப்பது. நண்பருக்கு ஈடான குணம் நம்மிடம் இல்லையே என்றால்? அதற்காகப் போகாமல் இருக்காதே, போகப் போக அவர் மாற்றிக்கொள்வார் என்கிறார். தான் ஒளிந்திருந்த காலத்தைத்தான் வாழ்க்கையின் பெரிய ஏமாற்று என்று சொல்கிறார். அடக்கம் என்ற வேஷத்தில் வந்த ஏமாற்று.

படிக்க சாதுவாக இருக்கிறது. ஆனால், நண்பரைப் பார்க்கப் போக லத்தீன் எதற்கு? பட்டம் எதற்கு? நடுவில் ஆள் எதற்கு? தெரசா அப்படிக் கேட்கவில்லை. திருச்சபைக்குக் கட்டுப்பட்டவள் என்று திரும்பத் திரும்ப எழுதினார். படிக்கிறவர்கள் கேட்டுவிடுவார்களே!

புகார் போனது. கொடுத்தவர் எபோலி இளவரசி. ஒரு கண்ணைத் துணியால் மறைத்திருக்கும் அந்த ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். கணவர் இறந்ததும், தான் ஆதரித்த தெரசாவின் மடத்திலேயே கன்னியாகச் சேர்ந்து, அங்கேயும் இளவரசியாகவே நடந்துகொண்டார். தாங்கமுடியாமல் கன்னியர்கள் 1574-ல் மடத்தைக் காலி செய்துவிட்டு வெளியேறினார்கள். கோபம் புத்தகத்தின் மேல் திரும்பியது.

1575-ல் கையெழுத்துப் பிரதி இன்குவிசிஷன் கைக்குப் போனது. ஆராய்ந்த டோமிங்கோ பான்யெஸ், தெரசாவுக்குத் தெரிந்தவர். கெட்ட நோக்கம் இல்லை என்றுதான் எழுதினார். கூடவே, இதை எல்லோருக்கும் காட்டுவது உசிதமில்லை, படித்த பெரியவர்கள் பார்த்தால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டார். பிரதி உள்ளேயே தங்கிவிட்டது. 1582-ல் தெரசா இறக்கும் வரை திரும்பி வரவில்லை.

1588-ல் சலமான்காவில் அது அச்சாகியது. பதிப்பித்தவர் லூயிஸ் தெ லெயோன் என்கிற பேராசிரியர். அவரே இன்குவிசிஷன் சிறையில் நாலரை வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவர். பைபிளின் ஒரு பகுதியை ஸ்பானிஷில் மொழிபெயர்த்ததும் அவர் மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. மறுவருடமே, இந்தப் புத்தகத்தைத் தடை செய்யுங்கள் என்று ஒரு துறவி புகார் எழுதினார். இந்தமுறை எடுபடவில்லை. தெரசா கைப்பட எழுதிய பிரதியை மன்னர் இரண்டாம் ஃபிலிப் வாங்கித் தன் எஸ்கோரியல் அரண்மனை நூலகத்தில் வைத்துக்கொண்டார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.