பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மூலிகைச் சோதனை: ஒரு நூற்றாண்டு வரலாறு

சென்னையில் நாட்டு மருந்துகளின் பயனை அறிவியல் முறையில் கண்டறிய நடந்த முயற்சிகள் பலவும் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டியே வளர்ந்தன. அரசின் பணிப்பில் 1918ஆம் ஆண்டு தொடங்கி மூலிகைகளை ஆராய்ந்த மருத்துவர் கோமன், அவற்றில் பலவற்றை ஏற்காமல் அறிக்கை அளித்ததால் வைத்தியர்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதையடுத்து 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்றிக் கீழ்ப்பாக்கத்தில் வளர்ந்தது. 1970இல் அதே சாலையின் மேற்கே, அரும்பாக்கத்தில், இந்திய மருத்துவத்துக்கான அரசு மருத்துவமனை எழுந்தது.

இச்சாலை செல்லும் மேற்குப் புறநகர்ப் பகுதியில், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் 1960களில், மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நிலவிய காலத்தில் உருவானவை. 1971இல் விலக்கு தளர்ந்து, சில ஆண்டுகளில் மீண்டும் வந்து, பின்னர் மறுபடியும் நீங்கியது; 1983இல் தோன்றிய அரசின் மது மொத்த விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. மது மூளைக்குச் செய்யும் கேடு இப்பகுதிக் குடும்பங்களின் கவலையானதும், அதற்கு மூலிகையில் மாற்று உண்டா என்ற கேள்வி வலுத்தது.

மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சும், அருகிலுள்ளவற்றை அரிக்கும் நிலையற்ற மூலக்கூறுகளும் உண்டாகின்றன. கொழுப்பு மிகுந்ததும், உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடே இருந்தும் 20 விழுக்காடு ஆக்சிஜனைச் செலவிடுவதுமான மூளை, இவ்வரிப்புக்கு எளிதில் இலக்காகிறது. அவ்வரிப்பைத் தணிக்கும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் எனப்படுகின்றன. மஞ்சளின் குர்குமின், நெல்லிக்காய், வல்லாரை ஆகியவற்றில் அத்தன்மை இருப்பதும், குர்குமின் எலிகளின் மூளைப் பாதிப்பைக் குறைத்ததும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. ஆயினும் உண்ணும் குர்குமினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்வதால், எலியில் கண்ட பயனை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாது.

மனிதரில் உறுதிப்பட்ட காப்பு வேறொன்று. தள்ளாட்டம், கண்ணசைவுக் கோளாறு, மனக்குழப்பம் என வெளிப்படும் நோயை ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே 1881இல் விவரித்தார். அதன் காரணம் தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைபாடு எனப் பின்னர் தெளிவாயிற்று. மது அந்தச் சத்தைக் குடல் ஏற்பதையே தடுக்கிறது. 1936இல் தயமினைச் செயற்கையாக உருவாக்கியவர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ். அம்பத்தூரை அடுத்த செங்குன்றத்து ஆலைகளில் ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தப்படும் நெல்லில், தவிட்டிலுள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசி பச்சரிசியை விட அதனை மிகுதியாகக் காக்கிறது.

எனவே வல்லாரையும் நெல்லியும் நல்ல உணவாக இலையில் இடம்பெறட்டும். ஆனால் குடித்துக்கொண்டே மூளையைக் காக்கும் மூலிகை எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. குடியை மருத்துவ மேற்பார்வையில் நிறுத்துவதும், உரிய நேரத்தில் தயமின் ஊசி பெறுவதுமே மூளையைக் காக்கும்.