ஆபீஸ் லேப்டாப்பில் நீங்கள் செய்வதை 'ப்ராக்சி' எவ்வளவு பார்க்கும்?

மதிய இடைவேளையில் ஆபீஸ் லேப்டாப்பிலேயே நெட் பேங்கிங் திறந்து கிரெடிட் கார்டு பில் கட்டுவது பலருக்கும் வழக்கம். முகவரி 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்குகிறது, அப்புறம் என்ன பயம் என்று தோன்றும். ஆனால் உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் ஒரு ப்ராக்சி சர்வர் இருக்கலாம். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ப்ராக்சின்னா என்ன?

ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கும் ஏஜென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாள்களை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போவார், வேலையை முடித்துக்கொண்டு வருவார். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது ஏஜென்ட்டின் முகம்தான்.

ப்ராக்சியும் அப்படித்தான். பிரவுசர் நேரடியாக இணையதளத்துக்குப் போகாமல், கோரிக்கையை ப்ராக்சியிடம் கொடுக்கும். ப்ராக்சி அந்தத் தளத்துடன் பேசி, பதிலை வாங்கி உங்களிடம் தரும். தளத்தின் பதிவேட்டில் விழுவது ப்ராக்சியின் ஐபி முகவரி. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆபீஸும் வெளியே ஓரிரு முகவரிகளாகவே தெரியலாம். 'நீங்கள் ரோபோவா?' என்று சில தளங்கள் ஆபீஸில் மட்டும் அடிக்கடி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவனங்கள் ஏன் வைக்கின்றன?

இணைய வேகம் குறைவாக இருந்த 1990களில், ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே தருவது ப்ராக்சியின் முக்கியமான பயன். இன்றும் புழக்கத்தில் உள்ள 'ஸ்குவிட்' மென்பொருள் 1996-ல் வந்தது. இப்போது முதன்மையான வேலை வேறு: சில தளங்களைத் தடுப்பது, வைரஸ் இருக்கிறதா என்று சோதிப்பது, யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்று பதிவு செய்வது.

அப்போ என் பாஸ்வேர்டு?

ஹெச்டிடிபிஎஸ் என்பது ஒட்டிய கவர் மாதிரி. இதற்கு பிரவுசர் 'கனெக்ட்' என்ற கட்டளையை அனுப்பும். 'இந்தத் தளத்துக்கு வழி விடு' என்பதுதான் அதன் பொருள். ப்ராக்சி வழி விட்டுவிட்டு, பூட்டிய தரவை இரு பக்கமும் கடத்தும். எந்தத் தளம், எப்போது, எவ்வளவு டேட்டா என்பது அதற்குத் தெரியும். பாஸ்வேர்டும் கணக்கு இருப்பும் தெரியாது. 'இன்காக்னிட்டோ'வில் திறந்தாலும் இதில் மாற்றமில்லை. அது உங்கள் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆனால் நிறுவனம் விரும்பினால் கவரைப் பிரிக்கவும் முடியும். லேப்டாப்பை உங்களிடம் கொடுக்கும் முன்பே, ஐடி பிரிவு அதில் தனது 'ரூட் சர்டிபிகேட்'டைப் பதிந்திருக்கலாம். அப்போது ப்ராக்சி கவரைத் திறந்து, படித்து, தன் முத்திரையைப் போட்டு மறுபடி ஒட்டும். அந்த முத்திரையை நம்பும்படி லேப்டாப்புக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பதால், பிரவுசர் எச்சரிக்கை எதுவும் காட்டாது. வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்கு தர வசதி உண்டு. தருவதா இல்லையா என்பது நிறுவனத்தின் முடிவு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் உள்ள ஐகானைத் தட்டி, சர்டிபிகேட் விவரத்தைத் திறந்து, அதை வழங்கியது யார் என்று பாருங்கள். அதே தளத்தை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே திறந்தும் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் உங்கள் நிறுவனத்தின் பெயரோ, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், நடுவில் கவர் பிரிக்கப்படுகிறது. இரண்டிலும் பொதுவான சர்டிபிகேட் நிறுவனத்தின் பெயரே இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. லேப்டாப்பிலேயே கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் இந்தச் சோதனையில் அது சிக்காது.

இலவச ப்ராக்சி, விபிஎன் பரவாயில்லையா?

தடுக்கப்பட்ட தளத்தைத் திறக்க இலவச ப்ராக்சியைத் தேடுபவர்கள் உண்டு. ஆபீஸ் ஏஜென்ட்டைத் தவிர்த்துவிட்டு, பெயரே தெரியாத ஒருவரிடம் தாள்களைக் கொடுப்பதற்குச் சமம் அது. ஹெச்டிடிபிஎஸ் இல்லாத பக்கங்களை அவர் படிக்கலாம், மாற்றலாம், விளம்பரமும் சொருகலாம். சர்டிபிகேட் இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ப்ராக்சி பெரும்பாலும் ஒரு பிரவுசரின் போக்குவரத்தை மட்டும் கையாளும். விபிஎன் வழக்கமாக மொத்த சாதனத்தின் போக்குவரத்தையும் பூட்டி எடுத்துப் போகும். ஆனால் அங்கேயும் நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று, மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதன் பிறகு சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின.

என்ன செய்யலாம்?

வங்கி, மருத்துவ அறிக்கை, வேலை தேடல் போன்ற சொந்த விஷயங்களைச் சொந்த போனில், மொபைல் டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் வைஃபைக்காக போனில் சர்டிபிகேட் போடச் சொன்னால், அது இணைப்புக்கு மட்டுமா, பிரவுசிங்கைப் பார்க்கவுமா என்று ஐடி பிரிவிடம் கேளுங்கள். சர்டிபிகேட் எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, தொடரவும்' என்று மட்டும் தட்டாதீர்கள்.