சாம்பல் நிலத்துத் தெய்வங்கள்: டன்மர் மக்களின் குடியேற்றமும் தொன்மமும்

பெத்தெஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ கணினி விளையாட்டில், டன்மர் என்னும் எல்ஃப் இனத்தின் வரலாறு ஒரே இடத்தில் சொல்லப்படுவதில்லை. கோயில் நூல்கள், தடைசெய்யப்பட்ட ஏடுகள், நாடோடிகளின் வாய்மொழி என அது சிதறிக் கிடக்கிறது. ஒன்றை மற்றொன்று மறுக்கிறது. எந்தக் குழு எந்த நிலத்தில் எவ்வாறு வாழ்ந்ததோ, அதற்கேற்பவே அதன் தொன்மமும் உருவானது என்பது இக்கட்டுரையின் துணிபு.

வரலாறு ஒரு பிரிவினையில் தொடங்குகிறது. சம்மர்செட் தீவின் எல்ஃப்கள் ட்ரினிமாக் என்னும் தெய்வத்தைப் போற்றிவந்தனர். டேட்ரா தெய்வமான போயித்தியா ட்ரினிமாக்கை விழுங்கி, அவன் குரலிலேயே பேசியதாகத் தொன்மம் கூறும். அதை ஏற்றவர்கள் வெலோத் என்னும் தீர்க்கதரிசியின் பின்னே கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். கைமர் எனப்பட்ட இவர்கள் போயித்தியா, அஸூரா, மெஃபாலா ஆகிய மூவரையும் வழிபட்டனர்.

அவர்கள் வந்து சேர்ந்த நிலம் வெற்றிடமன்று. தெய்வங்களைப் பொருட்படுத்தாத டுவெமர் அங்கே நிலத்தடி நகரங்களில் வாழ்ந்தனர். மனித இனமான நோர்டுகளின் ஆதிக்கத்தை எதிர்க்க, முதல் யுகம் 416இல் கைமர் தலைவன் நெரெவாரும் டுவெமர் அரசன் டூமாக்கும் கைகோத்தனர். அந்த நட்பு 700இல் செம்மலைப் போரில் முறிந்தது. டுவெமர் இனமே மறைந்தது, நெரெவாரும் இறந்தான்.

இங்கேதான் சான்றுகள் பிளவுபடுகின்றன. நெரெவார் காயங்களால் இறந்தான் என்கிறது கோயில் மரபு. அல்மலெக்ஸியா, சோதா சில், விவெக் என்னும் அவனுடைய துணைவர் மூவருமே கொன்றனர் என்கிறது சாம்பல் நில நாடோடிகளின் மரபு. அந்த மூவரும் பின்னர் தெய்வநிலை எய்தினர், அஸூராவின் சாபத்தால் கைமரின் தோல் சாம்பல் நிறமாகவும் கண்கள் சிவப்பாகவும் மாறின, டன்மர் பிறந்தனர். கோயில் கூற்றைச் சொன்ன விவெக், குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவர். ஆகவே அதை நடுநிலைச் சான்றாகக் கொள்ள இயலாது.

நகரங்களில் வேரூன்றிய பெருங்குடிகளுக்கு அருகிலிருந்து காக்கும் தெய்வங்கள் தேவைப்பட்டன. செம்மலையிலிருந்து பரவிய கொள்ளைநோயைத் தடுக்க மூவரும் எழுப்பிய ‘ஆவி வேலி’க்கு ஆற்றல் தந்தவை முன்னோரின் எலும்புகள். குடியேறிகளின் மூதாதையர் வழிபாடு எல்லைக்காவலாகவே மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. நாடோடிகளான உர்ஷிலாக்கு, அஹெம்முஸா, ஸைனாப், எராபெனிம்சுன் குலங்களுக்கோ காக்க நகரம் எதுவுமில்லை. நெரெவார் மீண்டும் பிறப்பான் என்ற வாக்கை அவர்கள் சுமந்து திரிந்தனர். கோயிலோ அதை மதத்துரோகமாகக் கருதி ஒடுக்கியது.

நான்காம் யுகம் 5இல் விவெக் நகரின் மேல் பாறை விழுந்து, செம்மலை வெடித்தது. தப்பியோர் பலர் ஸ்கைரிமிலும் சோல்ஸ்தைம் தீவிலும் அடைக்கலம் புகுந்தனர். 16இல் ஸ்கைரிம் மன்னன் அத்தீவையே டன்மருக்கு விட்டுக்கொடுத்தான். நிலத்தோடு மூவரின் வழிபாடும் சரிந்தது. புதிய கோயில் அவர்களைப் பொய்த் தெய்வங்கள் என அறிவித்து, வெலோத் காலத்து டேட்ரா மூவரிடம் திரும்பியது. நாடோடிகள் காத்த அந்தப் பழைய வழிபாடே இப்படி அரசு சமயமாயிற்று. ஆட்சித் தலைமையோ ரெடோரான் என்னும் பெருங்குடியிடம் சென்றது.